இன்னொருக்கா

அரிசி மங்களேஸ்வரியக்காவின் விரல்களிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது, பாரிஸ் புறநகரில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், பிணமாகப் படுத்திருக்கும் பெண் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள், ஃபோகஸ் போயிட்டுது அண்ணை, பிணத்தின்ர முகம் மங்கல் என்கிறான் கமராக்காரன் றஜீபன், இன்னொருக்கா என்று சொல்ல நான் வாயைத் திறக்கிறேன், சொல் வரவில்லை, இது என் மூன்றாவது படம், நடிப்பவர்கள் எல்லாரும் உணவகங்களில் வேலை செய்கிறவர்கள், திங்கட்கிழமை மட்டும்தான் கிடைப்பார்கள், ஆறு மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும், என் கால் ஓரிடத்தில் நிற்காது, கோப்பை கழுவிய காலத்திலும் நின்றதில்லை, பிறகு பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியவீடுகளுக்கு வீடியோ எடுத்தேன், இன்னொருக்கா, கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு என்றால் ஆலாத்தி எடுக்கும் மாமிமார் சலிக்காமல் மறுபடி எடுப்பார்கள், அந்த ஒரு சொல்லால்தான் டைரக்டர் ஆனேன், அதை எங்கே சொல்லக்கூடாது என்பது மறந்துபோனது அம்மா செத்த அன்று.

அப்போது அகதி வழக்கு முடியவில்லை, ஊருக்குப் போக வழியில்லை, காரைநகரில் செத்தவீட்டை வீடியோ எடுக்கிற பெடியனோடு போனில் நிற்கிறேன், தலைமாட்டுக்கு வா தம்பி, கையை ஆட்டாதை, வாய்க்கரிசி போடேக்க கிட்டப் போ, அண்ணை, உங்கட அக்கா போடேக்க ஆரோ ஒருத்தற்ற முதுகு மறைச்சுப்போட்டுது என்கிறான், நான் யோசிக்கவேயில்லை, இன்னொருக்காப் போடச் சொல்லு என்றேன், அக்கா போட்டாள், கசெட் வந்தது, படம் துல்லியம், அக்கா பத்தொன்பது வருடமாக என்னோடு கதைப்பதில்லை, இந்தப் படமே அவளுக்காகத்தான், ஆனால் எழுதும்போது அந்த இரண்டாம் தரத்தை மட்டும் விட்டுவிட்டேன், பயந்தாங்கொள்ளி.

இன்னொருக்கா எடுப்பமோ என்று றஜீபனே கேட்கிறான், மங்களேஸ்வரியக்கா கையைச் சீலையில் துடைக்கிறார், நடிப்பெண்டாலும் இதை ரெண்டுதரம் போடேலாது தம்பி, எனக்கு அம்மா உயிரோட இருக்கிறா என்கிறார், எனக்கு ஆத்திரம் வருகிறது, நேரம் போகிறது, சின்னத் திரையில் குனிந்து பார்க்கிறேன், மங்கலில் அது யாருடைய முகமாகவும் இல்லை, அம்மாவுடையதாகவும் இருக்கலாம், கசெட்டைப் பார்த்தபோது வராத அழுகை இப்போது வருகிறது, இப்படியே இருக்கட்டும் என்கிறேன், பிறகு எல்லாருக்கும் முன்னால், என்ர அம்மாவுக்கு அக்காவைக் கொண்டு நான் ரெண்டுதரம் போடுவிச்சனான் என்கிறேன். பிணமாகக் கிடந்த பெண் எழும்பி உட்கார்ந்துவிட்டாள்.

உன்ர கொக்கா ஒண்டும் சொல்லேல்லையோ என்று மங்களேஸ்வரியக்கா கேட்டார்.

போனை வாங்கி என்னட்டக் கேட்டவ, இப்ப சரியோ தம்பி எண்டு.