மாப்பிள்ளை மேல் ஒரு கண்

எங்கள் தையல்கடைக்கு என் மகள் வாங்கி அனுப்பிய உதவி ரோபோவுக்கு நானும் என் ஓரகத்தியும் வைத்த பெயர் மாப்பிள்ளை. பின்னே என்ன? வந்த நாளிலிருந்து முன்னறையில் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொள்கிறது. அதன் எதிரில் வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டில் குறை சொல்லாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாது. துணி மடிக்கும், மாத்திரையை ஞாபகப்படுத்தும், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும். அந்த நூல் கோக்கும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். என் வலது கண் மங்கிக்கொண்டே வருகிறது. மகளுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், கடைக்குப் பூட்டு, எனக்கு அவள் வீட்டில் ஒரு மூலை அறை. நான் ஊசியை நீட்டும்போதெல்லாம் இது பார்க்கிறதே, பார்த்ததை யாரிடம் சொல்கிறது?

ஒரு நாள் மகள் போனில், "ஏம்மா, கண்ணு ஏதாவது தொந்தரவு பண்ணுதா?" என்றாள்.

"யாருடி சொன்னா?"

"சும்மா கேட்டேன்மா."

சும்மா கேட்கிற ஆளா அவள்!

"இந்த மாப்பிள்ளைதான் கோள் மூட்டுது" என்றேன் ஓரகத்தியிடம்.

"ஆமாம்கா, அது முழியே சரியில்லை" என்றாள், பொத்தான் துளைக்குக் காஜா எடுத்த நூலைப் பல்லால் கடித்தபடி.

சரி, பிடித்துவிடலாம் என்று, அவள் நூல் வாங்கப் போன நேரம் பார்த்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டித் தொலைச்சிட்டேன்."

பச்சைப் பொய்.

"சொல்ல மாட்டேன்மா" என்றது, பதவிசாக.

மகளின் போனுக்காகக் காத்திருந்தேன். வந்தது. வந்து அவள் கேட்டதோ வேறு.

"ஏம்மா, ஆம்பளை சட்டைக்கு வலது பக்கம் காஜா எடுக்கச் சொல்லிக் குறி போட்டியாமே? அது பொம்பளைங்க சட்டைக்கு இல்ல?"

அது நிஜம். ஆனால் அது நடந்தபோது மாப்பிள்ளை உள்ளறையில் சார்ஜில் நின்றது, கதவும் சாத்தியிருந்தது. பொத்தான் பட்டியைப் பிரித்து மாற்றிக் கொடுத்தவள் என் ஓரகத்தி.

போனை வைத்தேன்.

"ஏண்டி, ஆமாம்கா ஆமாம்கான்னு தலையாட்டினியே, நீதானா அந்த ரேடியோ?"

அவள் முகம் வெளுத்தது. "பின்னே? ஊசி உங்க விரல்ல ஏறட்டும்னு வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களா?"

"என் விரல் மேல திடீர்னு என்ன பாசம்? கடையை ஒண்டியா ஆளணுமா உனக்கு?"

"நானா? ஐயோ, போதும்கா சாமி! மூடிட்டு நிம்மதியா உட்காரலாம்னுதான்..." சட்டென்று நிறுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூடுவதா? ஒரு நாள் ஷட்டர் இறங்கினாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்பவள் சொல்கிற பேச்சா இது?

"மாப்பிள்ளை, இங்க வாங்க. இவ ஏன் கடையை மூடணும்கிறா?"

"அவங்க என்கிட்ட சொன்னதைச் சொல்லக்கூடாதும்மா."

"அப்ப ஏதோ சொல்லியிருக்கா!"

"நீங்க சொன்னதையும் நான் யார்கிட்டயும் சொல்லலை."

"நான் சொன்னது பொய்ங்க."

"தெரியும்மா. வெட்டின சட்டைக் கைகளை மடிச்சு வச்சது நான்தானே, இடதும் வலதும் சரியாத்தான் இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. இது வாயைத் திறக்காது. அவள் மேஜையில் கிடந்த கால்சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில், நல்ல கண்ணுக்கு நேரே பிடித்தேன். அவள் கையால் மடித்துத் தைத்த ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கும். இதிலோ தையல் மேலும் கீழுமாகக் குடித்தவன் நடை நடந்திருந்தது.

"அதை வைங்கக்கா!" பின்னால் வந்து துணியைப் பிடுங்கப் பார்த்தாள். பிடிக்க வந்த விரல்கள் நடுங்கின. நான் பார்த்ததைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எப்பருந்துடி?"

"தெரியலைக்கா. ஊசி நிக்கவே மாட்டேங்குது. சொன்னா என்னை உட்கார வச்சிடுவீங்க. உங்க கண்ணைச் சொல்லிக் கடையை மூடிட்டா, என் கை யாருக்கும் தெரியாம போயிடும்னு..."

"அடிப்பாவி, உனக்கு என் கண்ணுதான் கிடைச்சுதா?"

அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு நானே மகளுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. எங்க ரெண்டு பேரையும்."

"சித்திக்கு என்னம்மா?"

"வந்து பாரு. ஆனா இப்பவே சொல்லிட்டேன், கடைச் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. கண்ணு சரியில்லாதவ வெட்டட்டும், கை சரியில்லாதவ கண்ணா இருக்கட்டும். மிச்சத்தை மாப்பிள்ளை தைப்பாரு."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எங்கள் ரெண்டு பேர் கதையும் தெரிந்தும் வாயைத் திறக்காத மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, குனிந்த தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தது.