ஜீவராணி போகக் கூடாது

கால்பந்து அரையிறுதி ஆட்டம் முடிந்ததும் கொழும்பிலிருந்து வந்திருந்த பெண் பயிற்சியாளர் ஜீவராணியை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். கந்தப்பளை மைதானத்தில் நின்ற ஆனைப்பாறைத் தோட்டத்துச் சனம் முழுக்க அதைப் பார்த்தது. அன்று அவள் மூன்று கோல் அடித்திருந்தாள். வேனில் ஏறுவதற்குள் விஷயம் பரவிவிட்டது. கொழும்பில் ஒரு பெரிய கழகம் அவளைக் கேட்கிறது. தங்க இடமும் வேலையும் தருவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் நம் கழகத்தின் ரிலீஸ் லெட்டரோடு அவள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

வேனில் வழக்கமாகப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் கிருஷாந்தி. இருபது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். இளஞ்சுடர் பெண்கள் அணி தொடங்கிய நாள் முதல் ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை. மழையென்றால் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோட்டோரம் நின்று தொண்டை கட்டும்வரை கத்துவாள். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் அவளைப் பார்த்துக் கத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கத்தலாம்.

அன்று அவள் பாட்டை எடுக்கவில்லை. மகள் தனுஷிகாவும் இப்படித்தான் கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைக்கென்று போனாள். முதலில் மாதம் ஒரு தடவை வந்தாள். அப்புறம் தீபாவளிக்கு வந்தாள். போன தீபாவளிக்கு ஒரு போன் மட்டும் வந்தது.

திங்கட்கிழமை கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் நேரே ஜீவராணியின் லயத்து வரிசை வீட்டுக்குப் போனார்கள். அவள் வாசலில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போயிருவியா புள்ள?" என்று கிருஷாந்தி கேட்டாள்.

"பைனல் ஆடிட்டு வர்றேன்னு கேட்டேன்க்கா. பதிவு வெள்ளிக்கிழமையோட முடியுதாம். அடுத்த வருசம் கூப்புடுவாங்களான்னு தெரியல."

"அப்ப பைனல்ல உடப்புசல்லாவைக்காரங்க நம்மள மிதிச்சிட்டுப் போகட்டும்கிறியா?"

"அப்படி இல்லக்கா. ஆடி முடிச்சிட்டு லீவுக்கு வந்துருவேன்ல."

"போனவங்க யாருடி திரும்பி வந்தாங்க?" கிருஷாந்தி அவள் கையிலிருந்த பூட்ஸை வாங்கிக் கீழே வைத்தாள். "வா, கோயிலுக்கு."

ஐம்பது பேர் சூழ்ந்து நடந்தார்கள். மாரியம்மன் முன்னால் கிருஷாந்தியே சூடம் ஏற்றினாள். ஜீவராணி அந்தச் சுவாலையையும் தன்னைச் சுற்றி நின்ற முகங்களையும் பார்த்தாள். யாரும் அவளை மிரட்டவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, போக மாட்டேன் என்று உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள். குலவைச் சத்தம் எழுந்தது. தோட்டத்துப் பையன் துஷாந்த் அதைப் படம்பிடித்து முகநூலில் போட்டான். விடிவதற்குள் ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஜீவராணியின் வீட்டுக்கு முட்டை வந்தது, பால் வந்தது. கடைக்குக் கிளம்பினால் கூடவே இரண்டு பேர் வந்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் எல்லோரும் கிருஷாந்தியின் முதுகைத் தட்டி, "நம்ம டீமக் காப்பாத்துனது நீதான்" என்றார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மலையில் ஜீவராணி பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தாள். அவளது போன் அடித்தது. "என்னால வர முடியாது மிஸ்," என்று சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் என்னவோ நீளமாகக் கேட்டார்கள். "காரணம் ஒண்ணும் இல்ல மிஸ்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகு அவள் கை கொழுந்தையும் முற்றிய இலையையும் சேர்த்துப் பிடுங்கியது. கங்காணி வந்து ஏசினார். அவள் நிமிரவில்லை. கிருஷாந்தி கூடையோடு அப்படியே நின்றாள். மைதானத்தில் மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் எழுந்து ஓடும் பெண், இப்போது ஏச்சு வாங்கிக்கொண்டு குனிந்து நின்றாள்.

அன்று சாயந்தரம் கிருஷாந்தி பூசாரியிடம் போனாள்.

"வாங்குன சத்தியத்தத் திருப்பி எடுக்க முடியுங்களா?"

"வாங்குனவ நீ. அம்மன் முன்னால வேணாம்னு சொல்லிட்டா உன் மட்டுக்கும் முடிஞ்சிது."

அம்மன் முன்னால் போய் அப்படியே சொன்னாள். அங்கிருந்து கழகச் செயலாளர் கணேசமூர்த்தியின் வீட்டுக்கு நடந்தாள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார்.

"அண்ணே, அந்தப் புள்ளைக்கு லெட்டர் குடுங்க."

"சூடம் கொளுத்துனதே நீதானேம்மா!"

"நாந்தான். தப்புப் பண்ணிட்டேன். யாராச்சும் கேட்டா என் பேரச் சொல்லுங்க."

"உன் பேரச் சொன்னாலும் என் வீட்டுக்குத்தான் வருவாங்க." வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர், கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கிருஷாந்தி அந்தக் கடிதத்தை ஜீவராணியிடம் கொடுத்தாள். ஜீவராணி இரண்டு தடவை படித்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"நீங்க விட்டுட்டீங்க. மத்தவங்க?"

"நான் பேசுறேன்."

கிருஷாந்தி லயத்துக்கு நடுவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டாள். சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். கோட்டோரம் அவளோடு நின்று கத்தும் அழகம்மா முன்னால் வந்தாள்.

"மழையில நின்னு கத்துனது நீ மட்டுமா? நீ யாரு விடுறதுக்கு?"

பின்னாலிருந்து ஒரு குரல், "ஒன் மகளத் தொலைச்ச மாதிரி இவளையும் தொலைக்கணுமா?" என்றது.

ஜீவராணியின் அம்மா பிரேமினி வந்து மகளின் கையிலிருந்த கடிதத்தை மெதுவாக வாங்கி மடித்தாள்.

"வேணாம் கிருஷாந்தி. இவ போயிருவா. நாங்க இந்த லயத்துலதானே கெடக்கணும்? இவங்களோடதானே பைப்படியில நிக்கணும்? எங்கள விட்டுரு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிருஷாந்தி ரோட்டோரம் போய் நின்றாள். கொழும்பு ரயிலுக்காக நானுஓயா போகும் பஸ் வந்தது. அந்தப் பெண் வந்தால் ஏற்றிவிடலாம் என்று கண்டக்டரிடம் பேசிக் கொஞ்சம் நிறுத்தி வைத்தாள். ஜீவராணி வந்தாள், தலையில் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போகும் பெண்களுக்கு நடுவில். பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனாள். கண்டக்டர் மணியடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்குப் போன வேனில் கிருஷாந்தியின் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. உடப்புசல்லாவை அணி முதலில் கோல் அடித்தது. இடைவேளைக்குப் பிறகு ஜீவராணி இரண்டு அடித்தாள். இரண்டாவதை நடு மைதானத்திலிருந்து தனியாகவே கொண்டுபோய் அடித்தாள். அடித்துவிட்டுக் கையைத் தூக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. திரும்பி நடந்தாள்.

விசில் ஊதியதும் சனம் கயிற்றைத் தாண்டி ஓடியது. அழகம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் ஜீவராணியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேளம் அதிர்ந்தது. "எங்க புள்ள! எங்க புள்ள!" என்று கத்திக்கொண்டே மைதானத்தைச் சுற்றினார்கள்.

கிருஷாந்தி நின்ற இடத்தை அவர்கள் கடந்தபோது, ஜீவராணி குனிந்து கீழே இருந்தவர்களிடம் எதையோ திரும்பத் திரும்பச் சொல்வது தெரிந்தது. கிருஷாந்தி கூடவே ஓடிக் கேட்டாள்.

"எறக்கி விடுங்க. எறக்கி விடுங்கக்கா."

"எறக்குங்கடி! அவ கேக்குறாள்ல!" என்று கிருஷாந்தி தன் முழுக் குரலையும் எடுத்துக் கத்தினாள்.

அவர்கள் இரண்டாவது சுற்றைத் தொடங்கிவிட்டார்கள்.