போட்டு வா

மாலை ஐந்து மணிக்கு அந்தப் பழைய மெயின்ஃப்ரேம் கணினியை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் தவமணி அக்காவின் புரோகிராம் புதிய இயந்திரத்தில் ஒழுங்காக ஓடாவிட்டால் அதைக் கைவிடுவதாக முடிவு. எந்தப் புத்தகப் பெட்டி எந்த நூலகத்துக்கு என்று முப்பத்துநான்கு ஆண்டுகளாகப் பிரித்துக்கொடுத்த புரோகிராம். அக்கா எழுதியவற்றில் இன்னும் ஓடுவது அது ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற அக்காவையும் என்னையும் குழுத் தலைவி நிலாணி ஸ்காபரோ அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்.

"கடைசிப் பெட்டி முடிஞ்சாப் பிறகு திரும்ப முதலிலையிருந்து தொடங்குது, அன்ரி. நிக்குதில்லை."

"என்ரை புரோகிராம் அப்பிடிச் செய்யாது."

"எழுதின ஆளும் கதைக்கத் தொடங்கினா நிக்கிறேல்லைத்தானே," என்றேன்.

"அல்பேட், வாயை மூடிக்கொண்டு உந்தத் தாளைப் பாரும்."

பச்சைக் கோடு போட்ட நீளத் தாளில் அச்சிட்ட அக்காவின் புரோகிராம். மடிப்பை விரித்ததும் பழைய அச்சுமை வாசனை வந்தது.

முதற் கணினிகளிடம் எண்களில்தான் பேசவேண்டும். கூட்டுவதற்கு ஓர் எண், அடுத்த கட்டளை இருக்கும் இடத்துக்கு இன்னோர் எண். நடுவே ஒரு வரியைச் செருகினால் பின்னாலுள்ள இட எண்கள் எல்லாம் பிழையாகிவிடும். அந்தத் தொல்லையில் பிறந்ததுதான் அசெம்பிளி மொழி: கட்டளைக்கு ஒரு சுருக்கெழுத்து, இடத்துக்கு நாமே வைக்கும் பெயர். எண்ணாக மாற்றுவது கணினியின் பாடு. எங்கள் இயந்திரத்தில் B என்றால் 'போ'. BAL என்றால், திரும்பவேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு போ. எங்கள் பேச்சில் 'போட்டு வா', அதாவது போய்விட்டு வா.

கடைசித் தாளில் என் விரல் நின்றது.

"அக்கா, வேலையை முடிக்கிற இடத்துக்கு அனுப்பேக்கை ஏன் BAL? திரும்பி வந்து என்ன செய்யிறது?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெளிக்கிடுற ஆளைப் பாத்து 'போ' எண்டு சொல்லுவமே? எழுதக் கை வரேல்லை."

பழைய இயந்திரத்தில் அந்த இடத்துக்குப் போனதும் வேலை முடிந்துவிடும். திரும்ப வழியில்லாததால் பிழை தெரியவில்லை. புதிய இயந்திரத்துக்கு மாற்றிய நிலாணியின் குழுவினரோ BAL என்பதை நம்பித் திரும்பிவரவும் வழி வைத்தார்கள். திரும்பினால் அடுத்த வரி; அது மீண்டும் முதற்பெட்டிக்கு அனுப்பிவிடும்.

"அப்ப நாங்கள் சரியாத்தான் மாத்தினது," என்றார் நிலாணி மெல்ல.

"ஓம் பிள்ளை. பிழை என்ரைதான்."

இருபது ஆண்டுகள் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறேன். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை.

நான்கு இருபதுக்குத் திருத்தியதை ஓட்டினோம். கடைசிப் பெட்டி போனதும் திரை அசையாமல் நின்றது. அக்கா மூச்சு விட்டார்.

"திங்கள்கிழமையிலையிருந்து இதுதான் ஓடும், அன்ரி," என்று நிலாணி திருத்தப் படிவத்தைத் திறந்தார். "பிழைக்குக் காரணம் என்னெண்டு எழுத?"

"மரியாதை கூடிப்போச்சு எண்டு எழுதும்."