ஒற்றைக் கை ஸ்வெட்டர்

கம்பளி நூல் வாங்குவதற்காகக் கடல் தாண்டிப் போகிறவர்களைப் பற்றித் துவோவிக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர்களின் கும்பலோடுதான் இன்று காலை ஹெல்சிங்கியில் கப்பல் ஏறி, எஸ்தோனியாவின் தாலின் நகரில் இறங்கி, கடை கடையாக அலைந்துகொண்டிருந்தாள். எல்லாரும் பின்லாந்தின் தாம்பெரே ஊர்ப் பின்னல் சங்கத்துப் பெண்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே கூத்துதான். ஒருத்தி நூலை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வாள். இன்னொருத்தி மோந்து பார்த்துவிட்டு, "ஆட்டு வாசனை அப்படியே இருக்கு!" என்று கண்ணை மூடுவாள். ஆட்டு ரோமத்தில் ஆட்டு வாசனை வராமல் ரோஜா வாசனையா வரும்?

நாத்தனார் ரைலி இதில் முதல் ரகம். அவள் வீட்டில் அலமாரி, கட்டிலடி, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு முன்னால் துணி மாற்றும் அறை, எங்கே கையை விட்டாலும் நூல்தான் வரும். பின்னி முடித்தது என்று காட்ட உருப்படியாக ஒன்றும் கிடையாது. போதாக்குறைக்கு இந்த வருஷம் மாலை வகுப்புக்குப் போய் எஸ்தோனிய மொழி வேறு படிக்கிறாள். எஸ்தோனிய மொழி என்பது பாதி மென்று துப்பிய பின்லாந்து மொழி, அதற்கு ஒரு வகுப்பா என்பது துவோவியின் கட்சி.

"அண்ணி, இந்தச் சிவப்பைப் பாருங்களேன்!"

"போன வருஷம் வாங்கின சிவப்பு என்னாச்சு?"

"அது வேற சிவப்பு அண்ணி."

"உன் புருஷனுக்குக் காலுறை பின்ன ஆரம்பிச்சியே, ஒண்ணோட நிக்குதே. அந்த மனுஷன் இன்னொரு காலுக்கு என்னடி பண்றாரு?"

"இன்னொண்ணு வேணும்னு ஒத்தக் கால்லதான் நிக்கிறாரு," என்றாள் ரைலி. சிவப்பு பைக்குள் போய்விட்டது.

ரைலி காசைக் கரியாக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் கூட வந்திருப்பதாகத் துவோவி எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அது சுத்தப் பொய். அவள் கைப்பையின் அடியில், துண்டில் சுற்றியபடி, பாசிப் பச்சை நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் கிடந்தது. அதற்கு ஒரு கைதான் இருந்தது.

மகள் வென்லாவுக்கான ஸ்வெட்டர் அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வென்லா வேலைக்காகக் கனடா போகிறாள். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அம்மா பின்னிய எதையும் அவள் உடம்பில் போட்டதில்லை. போட்டால் கூடவே ஒரு சொல்லையும் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். உன் தோளுக்கு யார் பின்னினாலும் தொங்கத்தான் செய்யும், பின்னினவள் என்ன செய்வாள் என்கிற மாதிரி. அந்த வென்லா குளிர்காலத்தில் ஒருநாள் போன் செய்து, "அம்மா, எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர்றியா?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டுத் துவோவி சமையலறையில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

நூல் அவளிடம் இருந்தது. போன வருஷப் பயணத்தில் இதே தாலினில் ஒரு சின்னக் கடையில் வாங்கியது. மற்றவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கண்டு கூடுதலாக வாங்கியபோது, "கணக்குத் தெரியாதவங்கதான் கூட வாங்குவாங்க" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தவள் அவள். இப்போது ஒரு கைக்கு நூல் இல்லை. வேறு அண்டாவில் சாயம் ஏறிய பச்சை ஒட்டாது. யாரோ ஒருத்தியின் கையை வெட்டி ஒட்டவைத்தது போலத் தெரியும். இதைப் போய் ரைலியிடம் சொல்வதா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக நுழைந்ததுதான் அந்தக் கடை. நூலுக்குத் தானே சாயம் போடும் ஒரு இளம்பெண் மேசைக்குப் பின்னால் இருந்தாள். அவள் நகக்கண்களில் பச்சை இன்னும் போகவில்லை. மேல் தட்டில் அதே பாசிப் பச்சை, போன வருஷத்து அண்டாவில் மிஞ்சிய ஒரே ஒரு கண்டு. துவோவிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் பின்னால் சங்கமே நிற்கிறதே. ஏதோ போகிற போக்கில் பார்ப்பவள் போல விலைச் சீட்டைத் திருப்பினாள். காரியம் ஆக வேண்டியிருந்ததால், வழக்கமில்லாத வழக்கமாக ஒரு நல்ல வார்த்தையும் சொன்னாள்.

"ஹல்பா!"

பின்லாந்துக்காரர் வாயில் ஹல்பா என்றால் மலிவு. தாலினுக்கு வந்து பீர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எஸ்தோனியர் காதில் அதே சத்தத்துக்கு மட்டம், மோசம் என்று பொருள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். காதில் விழவில்லை போலும் என்று துவோவி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, நூலை விரலால் தட்டித் தட்டி, "ஹல்பா! ரொம்ப ஹல்பா!" என்றாள்.

பெண்ணின் முகம் கறுத்தது. எட்டி அந்தக் கண்டை எடுத்து மேசைக்கடியில் வைத்துவிட்டு, சுருக்கமாக ஏதோ சொன்னாள். கிடையாது என்பது எந்த மொழியிலும் புரியும்.

பையைத் திறந்து அந்த ஒற்றைக் கையைக் காட்டியிருந்தால் போதும், கல்லும் கரைந்திருக்கும். துவோவி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யாவாரம் பண்ணக் கடை வச்சிருக்காளா, மூஞ்சியைக் காட்ட வச்சிருக்காளா?" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே வந்தாள். தெருவில் நின்று அந்தப் பெண்ணையும், அவள் நாட்டையும், காலை இடறிய கல் பாவிய தெருவையும் ஒன்று விடாமல் வைதாள். வைது முடித்த பிறகும் நூல் உள்ளேதான் இருந்தது.

திரும்பும் கப்பலில், காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் ரைலி அந்தப் பாசிப் பச்சையை எடுத்து வைத்தாள். பிரித்து நாற்காலி முதுகில் மாட்டி, உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

"இது எங்கடி கிடைச்சுது?"

"அந்தக் கடையிலதான். உங்க நூல் மட்டம், படு மட்டம்னு அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தீங்களே, அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. எங்க அண்ணி திட்டல தாயி, மெச்சினாங்க, மெச்சிப் பழக்கமில்லாததால அப்படி வந்துடுச்சுன்னு எடுத்துச் சொன்னேன். சிரிச்சுட்டுக் குடுத்துட்டா."

துவோவிக்குக் காது சூடாகியது. "என்ன பின்னப் போற?"

"நாய்க்கு ஒரு சட்டை."

உருண்டை பெருத்துக்கொண்டே போனது. ஹெல்சிங்கியின் தீவுகள் ஜன்னலில் தெரிய ஆரம்பித்தன. துவோவி காப்பியைக் குடித்தாள், ரொட்டியைப் பிய்த்தாள், பக்கத்து மேசையில் பாடியவனின் குரலைப் பழித்தாள். வேறு எதையும் பழிக்க மிச்சமில்லாமல் போனது.

"ரைலி, அந்த நூல் எனக்கு வேணும்." துவோவி கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நான் கணக்குத் தப்பா போட்டுட்டேன். வென்லா ஸ்வெட்டருக்கு ஒரு கை இல்ல. குடும்மா."

ரைலி உருண்டையை அவள் மடியில் வைத்தாள். "உங்களுக்குத்தான் வாங்கினேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் வென்லா உங்க கூடையில பார்த்திருக்கா, ஒரு கையோட நூல் தீர்ந்து கிடந்துச்சாம். அம்மா செத்தாலும் வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க அத்தை, நீங்க வாங்கிடுங்க, ஆனா அவங்களா கேக்குற வரைக்கும் குடுக்காதீங்கன்னா."

"கேக்காம இருந்தா?"

"நாய்க்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே ரைலி போனை எடுத்தாள். "கேட்டா உடனே கூப்பிடச் சொல்லியிருக்கா."

போனிலிருந்து வென்லாவின் குரல் மேசை வரைக்கும் கேட்டது. "நிஜமாவா அத்தை? அம்மாவே கேட்டாங்களா? என்ன சொல்லிக் கேட்டாங்க?"

நறுக்கென்று ஒரு பதில் துவோவியிடம் தயாராக இருந்தது. ஆனால் மகள் கேலி செய்யவில்லை. குழந்தை முதல் வார்த்தை பேசியதை விசாரிக்கிறவள் போல, ஆசையாகக் கேட்டாள். துவோவி போனுக்குக் கையை நீட்டினாள்.

"இருங்க அண்ணி, சொல்லிட்டுத் தரேன்," என்றாள் ரைலி. "அப்படியே சொல்றேன் கேட்டுக்க வென்லா. நான் கணக்குத் தப்பா போட்டுட்டேன்னாங்க. குடும்மான்னாங்க."

அந்தப் பக்கம் வென்லா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.