காற்றுவாசல் வழியாக ரோட்பாக்குக்கு

பிர்னெக்கின் பனிச்சறுக்குத் தடங்களைப் பக்கத்து ஊரோடு இணைக்க மேனா கொண்டுவந்த தீர்மானம், ஊர்ச்சபையில் நான்கே கைகள் வித்தியாசத்தில் தோற்றது. எதிர்த்துத் தூக்கிய கைகளில் ஒன்று தன் கணவன் ஒத்மாருடையது என்பதை மேனா கண்ணாலேயே பார்த்தாள். அதைப் பற்றி, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏன்யா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ என்னைத் தூங்க விட்டிருப்பியா?" என்றான் ஒத்மார். ஊரில் ரொட்டிக்கடை வைத்திருப்பவன் அவன். "உங்க ஊர்ல பதினெட்டு லிஃப்ட். எங்க ஊர்ல அஞ்சு. ரெண்டையும் ஒண்ணாக் கோத்தா யாரு யாரை முழுங்குவாங்கன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"இருபத்தெட்டு வருஷமா இங்கதான் குப்பை கொட்டுறேன். இன்னும் 'உங்க ஊரு'தானா?"

ஒத்மார் சூப்பைக் கிண்டினான்.

மேனா பிறந்தது ரோட்பாக்கில். இரண்டு ஊர்களும் ஒரே மலைமுகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பவை. காக்கை பறந்தால் நாலு கிலோமீட்டர். மனிதர் போக வேண்டுமானால் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரை வரை இறங்கி, சுற்றி, மறுபடி மேலேறி, மஞ்சள் நிற அஞ்சல் பஸ்ஸில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். முகட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மலை தாழ்ந்து வழி விடும். அதற்குப் பெயர் காற்றுவாசல்.

பிர்னெக்கின் சறுக்குத்தடங்களுக்குப் பாதுகாப்புத் தலைவி மேனா. காலையில் எந்தச் சரிவில் பனி நிற்கும், எது இடிந்து விழும் என்று பார்த்துத் தடத்தைத் திறப்பதும் மூடுவதும் அவள் பொறுப்பு. அதனால்தான் ஊரின் நிலைமை வேறு யாரையும்விட அவளுக்கு உறைத்தது. மூன்று வருடமாக ஜனவரியிலேயே கீழ்த்தடங்களில் புல் தெரிந்தது. உச்சியில் மட்டும்தான் நம்பக்கூடிய பனி. வருகிறவர்கள் இரண்டே நாளில் எல்லாத் தடத்திலும் சறுக்கி முடித்துவிட்டு, மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டினார்கள். பிர்னெக் உச்சியிலிருந்து காற்றுவாசலுக்கு ஒரே ஒரு ரோப் கார் போட்டால் போதும், அங்கிருந்து ரோட்பாக்கின் தடங்களுக்குச் சறுக்கியே இறங்கிவிடலாம் என்பது அவள் திட்டம். குளிர்காலத்தில் காட்டுக்கோழிகள் ஒண்டும் காட்டைத் தொடாமல், இடப்பக்க மொட்டைப் பாறை வரிசையிலேயே பாதையை வரைந்திருந்தாள்.

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் டொனாட். ஊராட்சித் தலைவர். ஊரிலேயே பெரிய ஹோட்டலும் அவருடையதுதான். அறுபத்து நாலு வயது. இளமையில் மாகாணத்துக்காகப் போட்டிகளில் சறுக்கியவர். தீர்மானம் தோற்றதற்கு மறுநாள், மதுக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி அவர் கேட்டார்.

"ஏம்மா மேனா, காற்றுவாசல்ல ரோப் கார் போட்டா அது ரோப் காரா, ஊஞ்சலா? ஆடிக்கிட்டே அங்கேயே நிக்க வேண்டியதுதான்!"

"மூணு குளிர்காலம் அங்க கருவி வச்சுக் காத்தை அளந்திருக்கேன், தலைவரே. உங்க உச்சி லிஃப்ட்ல அடிக்கிறதைவிட அங்க குறைச்சல்தான்."

"கருவி கிடக்கட்டும். நீ முதல்ல போய்க் காட்டு. காலைல பஸ் கிளம்புற நேரத்துல நீயும் கிளம்பு. பஸ் ரோட்பாக் போறதுக்கு முன்னால நீ மலை வழியாப் போய்ச் சேர்ந்துட்டா, மறுபடி வாக்கெடுப்பு வச்சு நானே முதல் ஆளாக் கையைத் தூக்குறேன்."

"ரோப் கார் இல்லாமலேயா?"

"இல்லாமத்தான். சாட்சிக்கு உன் புருஷனைக் கூட்டிட்டுப் போ. அவன் நம்ம ஆளு, பொய் சொல்ல மாட்டான்!"

கடையே சிரித்தது. ஒத்மாரின் காது மடல் சிவந்தது. மேனாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. குடித்துக்கொண்டிருந்த காபியை முடித்துவிட்டு, "சனிக்கிழமை வானம் தெளிவா இருக்கும். பத்து அஞ்சு பஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் உட்கார இடமில்லை. பாதி ஊர் வேடிக்கைக்கு ஏறியிருந்தது. முன் இருக்கையில் டொனாட் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே கையசைத்தார். "சூப் ஆறிப்போறதுக்குள்ள வந்துடும்மா!" கதவு மூடியது. அதே நொடியில் மேனாவும் ஒத்மாரும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்தார்கள்.

உச்சிக்குப் போக இருபத்திரண்டு நிமிடம். அங்கே சறுக்குப் பலகைகளின் அடியில், பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் ஏறுபட்டைகளை ஒட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். முந்நூறு மீட்டர் செங்குத்து. மேனா ஒரே சீராக, மாவாட்டும் கல் சுற்றுவதுபோல் காலை மாற்றி மாற்றி வைத்தாள். பாதி வழியில் ஒத்மாருக்கு மூச்சு வாங்கியது. ரொட்டிக்கடைக்காரன் விடியுமுன் எழுவான், மலை ஏறமாட்டான்.

"நீ போ. நான் பின்னால வர்றேன்."

"உன்னை மலையில தனியா விட்டுட்டுப் போய் நான் ஜெயிக்கணுமா? பையைக் கொடு."

அவன் பையையும் வாங்கித் தன் பையின்மேல் கட்டிக்கொண்டாள். அதில் இரண்டு நிமிடம் போனது. ஒத்மார் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தடத்திலேயே மிதித்து ஏறினான்.

காற்றுவாசலை அடைந்தபோது பதினொன்று பதின்மூன்று. இன்னும் பதினேழு நிமிடம். அங்கே காற்று இருந்தது, ஆனால் நின்று பேச முடிகிற காற்றுதான். கீழே ரோட்பாக், தீப்பெட்டிகளைக் கவிழ்த்ததுபோல் தெரிந்தது. நேர் கீழே ஒரு பள்ளம், வெள்ளைத் துணி விரித்தாற்போல் வழவழவென்று.

"இதுல விட்டா நாலே நிமிஷம்" என்றான் ஒத்மார்.

"அதுல நேத்து அடிச்ச காத்து பனியைக் குவிச்சு வச்சிருக்கு. கால் வச்சா மொத்தமா இடிஞ்சு வரும். அது வழி இல்ல, பொறி. பாறை ஓரமா வா. நான் போன தடத்தை விட்டு ஒரு அடி விலகாதே."

சொல்லிவிட்டு இறங்கினாள். பிறந்த ஊரின் சரிவு அது. பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே, பனி இறுகிய விளிம்பில், சின்னச் சின்ன வளைவுகளாக அவள் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதை ஒத்மார் பின்னாலிருந்து பார்த்தான். இத்தனை வருடத்தில் இப்படி அவள் சறுக்கிப் பார்த்ததில்லை. வேலையில் பார்த்ததெல்லாம் நின்று நின்று சோதிக்கிற மேனா. இது வேறு மேனா. அவனுக்கும் கால்களில் எங்கிருந்தோ பலம் வந்தது.

ரோட்பாக்கின் உச்சி நிலையத்தைத் தொட்டதும் தடம் அகலமானது. அதன்பின் இருவரும் பலகைகளை நேராக விட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் அவளுடைய தம்பி ஆல்பன் ஊர் வாத்தியக் குழுவோடு நின்றிருந்தான். தூரத்தில் மேனாவின் சிவப்புச் சட்டை தெரிந்ததுமே அவன் கையைக் காட்ட, பித்தளை வாத்தியங்கள் முழங்கின. பதினொன்று இருபத்தெட்டு. மேனா நிறுத்தத்தின் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அக்கா, காபி!" என்று நீட்டினான் ஆல்பன். மூச்சு வாங்கியதில் குடிக்க முடியாமல் சிரித்தாள்.

பதினொன்று முப்பது. பஸ் ஒரு நொடிகூடப் பிசகாமல் வளைவில் திரும்பியது. முதலில் இறங்கிய டொனாட் பெஞ்சைப் பார்த்தார், ஒத்மாரைப் பார்த்தார்.

"முழுசா நடந்துதான் ஏறினீங்களா?"

"அவ என் பையையும் சேர்த்துத் தூக்கிட்டு ஏறினா" என்றான் ஒத்மார். "இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?"

டொனாட் தொப்பியைக் கழற்றினார். "வாக்கு வாக்குதான். கையைத் தூக்குறேன். ஆனா மனசு தூக்காது, மேனா. என் ஹோட்டல்ல படுக்கிறவன் எல்லாம் இங்க வந்து படுத்துக்குவான். இவங்ககிட்டதானே பெரிய மலை இருக்கு."

அவரை இவ்வளவு பணிவாக அவள் பார்த்ததில்லை. உண்மையான பயம் வெளியே வந்துவிட்டது. "ஆல்பன், தலைவருக்கு உன் பலகையைக் கொடு" என்றாள். "திரும்பிப் போறப்போ எங்ககூட வாங்க. ஒண்ணு காட்டணும்."

சாப்பிட்டுவிட்டு மூவரும் ரோட்பாக்கின் லிஃப்டுகளில் ஏறி, மிச்சத்தைப் பாறை ஓரமாக நடந்து, இரண்டரை மணிக்குக் காற்றுவாசலில் நின்றார்கள். டொனாட் வாழ்நாளில் அங்கிருந்து தன் ஊரைப் பார்த்ததே இல்லை.

"பின்னால பாருங்க" என்றாள் மேனா.

ரோட்பாக் முழுவதும் நிழலில் மூழ்கியிருந்தது. தடங்கள் நீலம் பாய்ந்து, ஆட்கள் ஒடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இப்போ முன்னால."

பிர்னெக் பொன்னாய் எரிந்தது. டொனாட்டின் ஹோட்டல் மொட்டை மாடியில் வெயில் நிறைந்து வழிந்தது. நாற்காலிகள் காலி.

"மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் நான் பொறந்த ஊர்ல சூரியன் போயிடும். பிர்னெக்ல அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். காலைல அந்தப் பக்கம் சறுக்கினவன் சாயங்காலம் எங்க வந்து உக்காருவான், சொல்லுங்க?"

டொனாட் கண்ணுக்குமேல் கையை வைத்துத் தன் மாடியைப் பார்த்தார். "அடிப்பாவி," என்றார் மெதுவாக. "இதை சபையில சொல்லியிருந்தா நான் அன்னைக்கே தூக்கியிருப்பேனே!"

"சொன்னேன். நீங்கதான் காதுல வாங்கலை, மறுநாள் ஊஞ்சல்னு வேற சிரிச்சீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பலகைகளை முன்னே தள்ளி, பழைய போட்டிக்காரரின் ஒடுங்கிய குனிவோடு, அவர்கள் இருவருக்கும் முன்னால் இறங்கிப் போனார்.

மார்ச் கடைசி ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் இரண்டு ஊர்களிலும் ஒரே நேரத்தில் சபை கூடியது. டொனாட் சொன்னபடி முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அதை வெயில் நேரம் பற்றிய ஒரு நீண்ட பேச்சோடு தூக்கினார். அந்த யோசனை தனக்கே தோன்றியதுபோலத்தான் பேசினார். மேனா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் ஒத்மாரின் கை, யாரும் எண்ணத் தொடங்குமுன்பே, கூரையைத் தொடப்போவதுபோல் நிமிர்ந்து நின்றது. நூற்று நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. ஆல்பன் தொலைபேசியில் கத்தினான்: "அக்கா, இங்க எதிர்த்துத் தூக்கினது பதினொண்ணே பேர்! அதுல ரெண்டு பேர் காது கேக்காதவங்க!"

இரண்டு கோடைக்காலம் வேலை நடந்தது. டிசம்பரில் ஒரு காலை, காற்று சோம்பலாக வீசிக்கொண்டிருந்தபோது, மேனா பொத்தானை அழுத்தினாள். முதல் பெட்டி காற்றுவாசலை நோக்கி ஏறியது. ஆறே நிமிடம். வாத்தியக் குழு இந்த முறை இரண்டு ஊர்களிலிருந்தும் வந்திருந்தது. ஒன்றுக்கொன்று தாளம் சேரவே இல்லை, ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. அன்று மாலை டொனாட்டின் மொட்டை மாடியில் நிற்க இடமில்லாமல் ரோட்பாக்குக்காரர்கள் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு பாலாடைக்கட்டி உருக்கிச் சாப்பிட்டார்கள். ஒத்மாரின் கடையில் ரொட்டி மூன்று மணிக்கே தீர்ந்துபோனது. அவன் மாவுக் கையோடு மாடிப்படி ஏறி வந்து, மனைவியின் தோளில் கை போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"நம்ம ஊருக்கு வந்தவங்களைப் பசியோட அனுப்பினோம்னு பேர் வந்துடக் கூடாது, மேனா. வா, மாவு பிசைய ஒரு கை கொடு."

அவள் கையுறைகளைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு, வெயிலில் நின்ற கூட்டத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.