இறகுப் பந்தும் இடது கையும்

என் இடது கை செய்த குற்றமெல்லாம் வலது கையை முந்திக்கொண்டதுதான். பேனாவை நீட்டினால் அதுதான் வாங்கும். கல்லை எறியச் சொன்னால் அதுதான் எறியும். வலது கை விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி பக்கத்தில் சும்மா இருக்கும். பதுளைக் கடைத்தெருவில் மாமா ஜுனைதீனின் துணிக்கடையில் சேர்ந்த நாள் முதல் இந்தக் கையால் எனக்குக் கிடைத்தது ஏச்சு மட்டும்தான்.

ஒருநாள் நமுனுகுலப் பக்கத்துக் கங்காணி ஒருவரின் பெண்சாதி, இராக்கம்மா என்று பெயர், ஒரு கூட்டத்தோடு சேலை எடுக்க வந்தாள். பேரம் முடிந்தது. மடித்த சேலையை நான் நீட்டினேன். எந்தக் கையால் என்று சொல்லவும் வேண்டுமா?

"பீச்சாங்கையால குடுக்கிற சேலைய எந்த நல்ல காரியத்துக்குங்க கட்டுறது?" என்று கேட்டுவிட்டு, கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

அன்று கடை பூட்டியதும் மாமா என்னை உட்கார வைத்தார். "ஹுமைத், ஒன்ட வாப்பா மவுத்தாக முந்தி, மகள ஒனக்குத் தாரெண்டு நான் வாக்குக் குடுத்தது மெய்தான். ஆனா இடக் கையால குடுத்து வாங்குற ஒருத்தனுக்கு நான் எப்படி லரீபாவக் கட்டிக் குடுக்கிற? கடையிலயும் ஒன்ன வெச்சிக்க ஏலா. தோட்டத்துல கிளாக்கர் வேலை ஒண்டு தேடிக்க. வேலையும் கெடைக்கணும், கையும் திருந்தணும். இல்லாட்டி பண்டாரவளை மர்ஸூக் மகளக் கேட்டுக்கொண்டுதான் ஈக்கிறான்."

மர்ஸூக்குக்கு இரண்டு கடை. அவன் தேநீர் குடிப்பது முதல் மூக்கைச் சொறிவது வரைக்கும் வலது கையால்தான். அவனை எனக்கு அறவே பிடிக்காது.

லரீபா பெரிய பிள்ளையான பிறகு அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. கடையின் பின்னறையில் மாமாவும் நானும் உட்கார்ந்திருக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து தேநீர்க் கோப்பையோடு ஒரு கை வரும். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட வலது கை. பெருவிரல் பக்கத்தில், சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்த தழும்பு. அந்தக் கையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அது இன்னொருவனுக்குக் கோப்பை நீட்டும் என்று நினைத்தாலே என் தேநீர் கசந்துவிடும்.

மாமா மஃரிப் தொழப் போயிருந்த நேரம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மர்ஸூக் எனக்கு வேணாம். எந்தக் கையாலயாச்சும் அந்த வேலைய எடுத்துக்கொண்டு வாங்க."

தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் என்றால் ஆங்கிலம் வேண்டும். அரசாங்கக் கச்சேரியில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்ந்த ஒரு மாஸ்டர் மாலை வேளைகளில் கடைப் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் சீமையில் அச்சான வாசிப்புப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. அதில் எங்களைப் பாடாய்ப் படுத்திய பாடம், பேட்மின்டன் என்ற விளையாட்டைப் பற்றியது.

அரை உருண்டைத் தக்கையில் இறகுகளைக் குத்திவைத்த பந்து. அதை நரம்பு பின்னிய மட்டையால் அடிக்க வேண்டும். நடுவில் ஒரு வலை. பந்து வலையில் மாட்டினால் குற்றம், நிலத்தில் விழுந்தாலும் குற்றம். எங்கள் ஊரில் வலை கட்டுவதே எதையாவது மாட்ட வைக்கத்தான். மாட்டாமல் இருக்க ஒரு வலையை ஏன் கட்ட வேண்டும்?

கூடப் படித்த ஷுக்ரிக்கு வேறு கவலை. "இறகப் பிடுங்கிப் பந்து செஞ்சிட்டாங்க, சரி மாஸ்டர். அந்தக் கோழிய என்ன செஞ்சாங்க?"

மாஸ்டரும் அந்த விளையாட்டைக் கண்ணால் கண்டவரில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது. மனனம் பண்ணுங்க," என்றார். மனனம் பண்ணினோம். முதலடி அடிப்பவன் இடுப்புக்குக் கீழிருந்துதான் அடிக்க வேண்டும், முதலடி அடித்தவன் வென்றால்தான் புள்ளி, மற்றவன் வென்றால் அடுத்த முதலடி அவனுக்கு, அவ்வளவுதான். அந்த மற்றவன் ஜெயித்தாலும் புள்ளி கிடையாதாம், இன்னொரு தரம் அடிக்கிற வேலை கிடைக்குமாம். அர்த்தம் புரியாவிட்டாலும் கலிமா மாதிரி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

நமுனுகுல மலையில் மூங்கிலடித் தேயிலைத் தோட்டத்துக்கு சின்ன கிளாக்கர் தேவை என்று கேள்விப்பட்டு, பசறை வழியாக மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தேன். பெரிய கிளாக்கர் வீரசிங்கம் என்னை ஆபீசுக்குள் கூட்டிப்போனார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குச் சிவந்த முகம், காலில் ஈரமான சப்பாத்து. எனக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று பார்ப்பதற்காக, எதைப் பற்றியாவது ஆங்கிலத்தில் பேசு என்றார்.

எதைப் பற்றியாவது! பதுளையிலிருந்து வழியெல்லாம் உருப்போட்டு வந்த வாக்கியங்கள் அத்தனையும் அந்த நிமிஷம் மலையிறங்கி ஓடிவிட்டன. ஓடாமல் நின்றது அந்தப் பாடம் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு தலை முதல் கால் வரை ஒப்பித்தேன். கண்ணைத் திறந்தபோது துரை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

விளையாடுவாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாத்தியார் என்ன கேட்டாலும் "யெஸ் சார்" சொல்லிப் பழகிய வாய், இதற்கும் அதையே சொல்லிவிட்டது.

வெளியே வந்ததும் வீரசிங்கம் விளக்கினார். "துரை இந்த வெளையாட்டுக்குப் பைத்தியம் தம்பி. கூட வெளையாடுற பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போயிட்டாரு. சனிக்கெழமை ஒங்கள வரச் சொல்றாரு. வெளையாடிப் பாத்துட்டுத்தான் வேலையாம்."

"நான் தோத்துப்போனா?"

"தோக்கத்தான் வேணும்! நானு, பங்களாவுல சமைக்கிற அப்பு, எல்லாரும் அவருகிட்ட தோத்துத்தான் இருக்கோம். துரைய ஜெயிச்சிட்டு இந்த மலையில எப்படிங்க குடியிருக்கிறது?"

பதுளைக்கு வந்து மாமாவிடம் சொன்னால், அவர் நேர் எதிராகப் பேசினார். "தோத்தவனுக்கு ஆரு வேலை குடுப்பான்? ஜெயிக்கணும். ஆனா வலக் கையால ஜெயி. துரைக்கு முன்னால அந்தக் கைய நீட்டினா எனக்கும் சேத்துத்தான் வெக்கம். அந்த பங்களாவுக்கு நான்தான் துணி குடுக்கிற. நானும் வாரேன்."

தோற்க வேண்டுமா, ஜெயிக்க வேண்டுமா? எந்தக் கையால்? திரைக்குப் பின்னாலிருந்து அன்று தேநீர் மட்டும் வந்தது.

சனிக்கிழமை மூங்கிலடியில் மூடுபனி. மலைக்காற்றில் இறகுப் பந்து நிற்காது என்பதால், காப்பிச் செடி நோயில் அழிந்த பிறகு காலியாகக் கிடந்த பழைய காப்பி ஸ்டோருக்குள் வலை கட்டியிருந்தார்கள். சுவரோரம் ஒரு வாங்குப் பலகையில் மாமா தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வீரசிங்கம். துரை என் கையில் ஒரு மட்டையையும் பந்தையும் கொடுத்தார்.

மட்டையை வலது கையில் பிடித்தேன். அப்படியென்றால் பந்து இடது கையில். இடது கைதான் பந்தை விட வேண்டும், அப்போது துரைக்குக் கொடுப்பது எந்தக் கை? பதறி மாற்றிக்கொண்டேன். இப்போது பந்து வலது கையில், மட்டை இடது கையில். அது இன்னும் மோசம், இடது கையால் துரையைப் பார்த்து அடிக்க வேண்டும். எப்படிப் பிடித்தாலும் அந்தச் சனியன் பிடித்த கை நடுவில் வந்து நின்றது. பாடத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மாமாவின் தொண்டைச் செருமல் கேட்டது. மட்டையை வலது கைக்கே மாற்றினேன்.

அடித்தேன். மட்டை காற்றை அடித்தது, பந்து என் சப்பாத்தில் விழுந்தது. மறுபடி அடித்தேன், வலையில் மாட்டியது. துரை அடித்தவை என் தலைக்கு மேலாகவும் தோளுக்குப் பக்கத்தாலும் போய் விழுந்துகொண்டே இருந்தன. வீரசிங்கத்தின் முகத்தில் ஒரே சந்தோஷம், நான் நன்றாகத் தோற்கிறேன் என்று. மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். துரையின் முகம் மட்டும் வரவரச் சிவந்தது. அவர் ஜெயிக்கிறார், அவருக்கே கோபம் வருகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மட்டையால் வலையை ஒரு தட்டுத் தட்டி, தோட்டத் தமிழில் கத்தினார். "நீ எல்லாம் தெரிஞ்ச ஆள். அன்னைக்கு சரியா சொல்லிச்சு. இப்ப ஏன் தோக்குது? கிளாக்கர் தோக்கும், அப்பு தோக்கும், எல்லாம் பொய்! பொய் ஆள் நம்ம ஆபீசுக்கு வேணாம்!"

வீரசிங்கத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. வேலை போச்சு என்று எனக்குத் தெரிந்தது. மர்ஸூக்கின் இரண்டு கடையும் அவன் வலது கையும் கண் முன்னால் வந்தன. அழுகை முட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இடத்தில் துரை மட்டும் இல்லையென்றால் அழுதே இருப்பேன்.

கோபத்தில் துரை பந்தை ஓங்கி அடித்தார். அது என் இடது பக்கமாக வந்தது. மட்டை எப்போது கை மாறியது என்று எனக்கே தெரியாது. மாங்காய்க்குக் கல்லெறிந்த கையல்லவா! டப் என்று ஒரு சத்தம். பந்து வலையைத் தாண்டி, துரையின் காலடியில் போய் விழுந்தது.

"சாரி சார்!" என்று கத்தினேன். இடது கையைப் பின்னால் மறைத்தேன்.

துரை பந்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இன்னும் ஒண்ணு!" என்றார்.

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையால் ஆடினால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லரீபா இல்லை. இடது கையால் ஆடினால் வேலை உண்டு, லரீபா இல்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியாயிற்று. அப்போதுதான் திரைக்குப் பின்னால் கேட்ட அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. எந்தக் கையாலயாச்சும். சொன்னவள் அவள். கட்டப்போகிறவளும் அவள்தானே?

இடது கையால் ஆடினேன். ஒவ்வோர் அடிக்கும் ஒரு "சாரி சார்" சொன்னேன். துரைக்கு அது பெரிய குழப்பமாகிவிட்டது. நல்லாத்தானே அடிக்கிறான், எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று வீரசிங்கத்திடம் விசாரித்தார். வீரசிங்கம் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, இடது கையால் பெரியவர்களுக்கு எதையும் நீட்டக்கூடாது என்று இங்கிலீஷில் விளக்கினார். துரை தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் துரைதான் ஜெயித்தார், ஆனால் மூச்சிரைக்க ஜெயித்தார். நெற்றியெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. மட்டையை வலது கையில் பிடித்தபடியே இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு ஒரு சாவியை எடுத்தார். ஆபீசுக்குப் பக்கத்தில் சின்ன கிளாக்கருக்கென்று இருக்கும் வீட்டின் சாவி. நான் வலைக்கு அந்தப் பக்கம். கிட்டத்தில் இருந்தவர் மாமா. "ஜுனைதீன், நம்ம ஆளுக்கு வூடு," என்று அந்த இடது கையாலேயே நீட்டினார்.

மாமா எழுந்தார். தொப்பியைச் சரி பண்ணினார். குனிந்து, இரண்டு கைகளாலும் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டார். "தேங்க்யூ சார்," என்றும் சொன்னார்.

பசறைக்கு இறங்கும் வழியெல்லாம் வண்டியில் மாமா தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். சாவி அவர் மடியில் இருந்தது. பொறுத்துப் பார்த்து நானே கேட்டேன். "மாமா, துரை எந்தக் கையால சாவி தந்தார்?"

"அது துரைட கை," என்றார் மாமா. கொஞ்ச தூரம் போனபிறகு, "அவங்களுக்கு அது கொறையில்ல. நமக்குக் கொறை," என்றார்.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஒரே கை, ஒரே விரல்கள். ஒருவனுடையதென்றால் குனிந்து வாங்க வேண்டும், இன்னொருவனுடையதென்றால் பெண் கொடுக்கக் கூடாது. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. பாவம், அவரும் என்னைப் போலத்தான் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

அன்று பசறையில் தங்கி, மறுநாள் பதுளை வந்து சேர்ந்தோம். பின்னறையில் மாமா சாவியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். வேலை கிடைத்ததை உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னார். நான் ஆடியது எந்தக் கையால் என்பதையும் சொன்னார், மறைக்கவில்லை. கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. உள்ளே கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. தேநீர்க் கோப்பையோடு கை வந்தது. வளையல் இருக்கிறது. தழும்பைத் தேடினேன், காணவில்லை. ஒரு நிமிஷம் வேறு யாருடைய கையோ என்று நினைத்துவிட்டேன். பெருவிரல் நின்ற பக்கத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

லரீபா இடது கையை நீட்டியிருந்தாள், வாப்பாவுக்கு முன்னால்.

நான் அசையவில்லை. எந்தக் கையை நீட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை உள்ளே போகவில்லை. அவர் சாவியைப் பார்த்தார். மறுபடியும் மகளின் கையைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கொண்டு ஈக்கிற மாப்புள?" என்றார் கடைசியில். "சுடுது. ரெண்டு கையாலயும் வாங்குங்க."