இரண்டாவது கார்டு

தெருவில் போகிற ஆண்களின் உடுப்பைப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. பத்திரிகை அண்ணனுடையது. விளம்பரமெல்லாம் அண்ணி. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஆபீசில் சிடுமூஞ்சி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் முதலில் எடுத்துவிடுவேன். கேட்டுவிட்டு எடுத்தால் எவன் இயல்பாக நடக்கிறான்? வயிற்றை எக்கிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்து நிற்பான். எடுத்த கையோடு ஓடிப்போய்ப் படத்தைக் காட்டிச் சம்மதம் கேட்பேன். வேண்டாம் என்றால் அவன் கண்ணெதிரிலேயே அழிப்பேன்.

ஆனால் கேமராவில் இரண்டு மெமரி கார்டு. ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் இருக்கட்டும் என்று படம் இரண்டிலும் பதியும். நான் அழிப்பது ஒன்றில்தான். மற்றது அண்ணனிடம் போகும். எதை அழிக்க வேண்டும் என்று நான் சொன்னால் அவன் அழிக்க வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்தில் ஒருவன் வந்தான். தேய்த்து மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் கோட்டு. காலில், லிஃப்ட் மெக்கானிக்குகள் போடுகிற கனத்த பூட்ஸ், பளபளவென்று பாலிஷ் போட்டு. என்ன பொருத்தம்! எடுத்துவிட்டு ஓடினேன்.

"ஐயோ, வேணாம்க்கா," என்றான். "உடம்பு சரியில்லன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். வேற கம்பெனில இன்டர்வியூ. படம் வெளிய வந்துச்சுன்னா என் பொழப்பே போயிடும்."

"இதோ அழிச்சுட்டேன் தம்பி, பாருங்க."

எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பஸ் ஏறினான்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொன்னேன். கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னேன். "சரி சரி, எனக்கென்ன காதா கேக்கல?" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் பத்திரிகை கடைக்கு வந்தது. சாயங்காலம்தான் நான் பார்த்தேன். அட்டையில் அவன். கோட்டு, பூட்ஸ், முகம், எல்லாம். கீழே 'செவ்வாய்க்கிழமை, பஸ் நிறுத்தத்தில்' என்று வேறு. நேரே அண்ணன் அறைக்குள் போய்ப் பத்திரிகையை மேஜையில் வீசினேன்.

"உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்காண்ணா?"

"கத்தாத. அப்படி ஒரு படத்த அழிக்க எவனுக்கு மனசு வரும்? அட்டையில வந்ததுக்கு அவன் சந்தோஷப்படுவான், பாரு."

"அவன் வேணாம்னான்!"

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அண்ணி கதவோரம் நின்று, "நடந்தது நடந்துபோச்சு, விடும்மா," என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது இவளுக்குக் கைவந்த கலை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணிக்குப் பின்னால் அவன் வந்து நின்றான். அதே பூட்ஸ், எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டை. கையில் பத்திரிகை.

அண்ணனை அவன் பார்க்கவேயில்லை.

"நீங்க அழிச்சத நான் என் கண்ணால பாத்தேனேக்கா."

பத்திரிகையின் அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"முதலாளி இத மூஞ்சில விட்டெறிஞ்சு வெளிய போடான்னுட்டாரு. சரி, புது எடம் இருக்கேன்னு அங்க ஓடினேன். அவங்களும் அட்டையப் பாத்துட்டு முதலாளிகிட்ட விசாரிச்சிருக்காங்க. பழைய முதலாளிகிட்ட பொய் சொன்னவன் நாளைக்கு எங்ககிட்டயும் சொல்லுவான்னுட்டாங்க." பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தான். "வீட்ல போய் நான் என்னக்கா சொல்லுவேன்?"

கண் நிறைந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றான். அண்ணன் என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்.

"அந்த மூஞ்சியப் பாரு. சீக்கிரம் எடு."

கூடப் பிறந்தவனாம்! கழுத்தில் தொங்கிய கேமராவைத் தூக்கினேன், அண்ணனைப் பார்த்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்திக்கொண்டே போனேன்.

"ஏய், என்ன பண்ற? என்னை எதுக்கு எடுக்கற? வேணாம்!"

அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். விரல் இடுக்கில் வியர்த்தது தெரிந்தது. நான் கிட்டப் போனேன். அண்ணி கத்தினாள். எனக்குக் காதில் விழவில்லை. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தவனைச் சுவர் வரைக்கும் விரட்டி விரட்டி எடுத்தேன். அடுத்த வார அட்டையில் இந்த மூஞ்சியைத்தான் போடவேண்டும் என்று பல்லைக் கடித்தேன்.

மெக்கானிக் வந்து லென்சை உள்ளங்கையால் மூடினான்.

"விடுங்கக்கா," என்றான். "அவர் வேணாங்கறாரு இல்ல."